முன்கோபத் தலைவர், திறமையான அதிகாரி: ஏன் விலகுவதில்லை?

பழைய பேனா:
தலைவர் முன்கோபி, நாளுக்கொரு பேச்சு, யார் சொன்னாலும் கேட்பதில்லை. அப்படியும் கெட்டிக்காரர்கள் ஏன் அவர் கீழே இருக்கிறார்கள்? பதவி ஆசை என்று முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான் உண்மை. ஆலன் புரூக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1941 டிசம்பரில் பிரிட்டன் தரைப்படையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். சர்ச்சில் நள்ளிரவு தாண்டியும் கூட்டம் நடத்துவார். வட நார்வேயில் படை இறக்கும் திட்டத்தைக் கைவிடவே மாட்டார். புரூக் மனைவிக்காக எழுதிய நாட்குறிப்பில் பொருமித் தீர்ப்பார், மறுநாள் போய் அதே ஆளிடம் முடியாது என்பார். அவர் கோபித்துக்கொண்டு போயிருந்தால், அந்த இடத்துக்குத் தலையாட்டி ஒருவர் வந்திருப்பார்.

கறார்:
புரூக்குக்கு ஒரு வசதி இருந்தது, அதை விட்டுவிட்டீர்கள். சர்ச்சில் கத்துவார், ஆனால் தளபதிகள் சேர்ந்து மறுத்தால் பெரும்பாலும் இறங்கிவருவார். எல்லோருக்கும் அப்படி வாய்க்குமா? ஷாக்ட் 1934இல் ஹிட்லரின் பொருளாதார அமைச்சரானார். மெஃபோ என்ற பெயரளவு நிறுவனத்தின் பத்திரங்களைக் காட்டி, ஆயுதச் செலவை வெளியே தெரியாமல் ஓட்டினார். செலவு எல்லை மீறுகிறது என்று பின்னால் முறையிட்டார். 1939 ஜனவரியில் மத்திய வங்கித் தலைவர் பதவியைப் பறித்துவிட்டார்கள். அதற்குள் ஆயுதம் குவிந்தாயிற்று. அந்த நாற்காலியில் ஒரு மக்கு இருந்திருந்தால் உலகத்துக்கு நல்லது.

பழைய பேனா:
ஹிட்லரை இழுத்தால் எந்த வாதத்தையும் ஜெயிக்கலாம். தீக்காய்கிறவன் எவ்வளவு தள்ளி உட்காருவது என்பதுதான் நம் கேள்வி. வீட்டையே கொளுத்துகிற தீயைப் பற்றி நான் பேசவில்லை.

கறார்:
கொளுத்தப்போகிற தீ எது என்று முதல் நாளே தெரியுமா?

ஓரத்து நாற்காலி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் அப்படி ஒருவர் கீழே ஆறு வருடம் இருந்தவன். இந்த ஒரு கோப்பைத் தடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். தடுத்தது மூன்றோ நான்கோ. கையெழுத்துப் போட்டதற்குக் கணக்கில்லை. வீட்டுக் கடனும் இருந்தது, அதை மறைப்பானேன்.

பழைய பேனா:
அந்த மூன்றை யார் தடுத்திருப்பார்கள்? ரிச்சர்ட்சன் அமெரிக்க அதிபர் நிக்சன் அரசில் மூன்று துறைகளைப் பார்த்தவர். அதிபர் தரப்பே சிக்கிய வாட்டர்கேட் ஊழலை விசாரித்த வழக்கறிஞர் காக்ஸை நீக்கும்படி நிக்சன் சொன்னபோது, 1973 அக்டோபர் 20 அன்று அட்டர்னி ஜெனரல் பதவியை, அதாவது நீதித்துறைத் தலைமையை, உதறினார். உள்ளே இருந்தவர் என்பதால்தான் அந்த விலகல் நாட்டையே உலுக்கியது.

கறார்:
துறையின் இரண்டாமவரும் மறுத்தபின், அன்றிரவே மூன்றாம் நிலையில் இருந்த போர்க் காக்ஸை நீக்கிவிட்டாரே! அவரும் விலகத்தான் பார்த்தார். துறை தலையில்லாமல் போய்விடும், இரு என்று ரிச்சர்ட்சனே சொன்னாராம். உங்கள் உதாரணத்துக்குள்ளேயே என் ஆளும் இருக்கிறார்.

பழைய பேனா:
போர்க் இருந்ததால் துறை கலையவில்லை, அடுத்த வழக்கறிஞர் வந்தார், விசாரணை தொடர்ந்தது. அவர் என் ஆளும்தான்.

ஓரத்து நாற்காலி:
ரிச்சர்ட்சன் பதவி ஏற்பதற்கு முன்பே, தகுந்த காரணமில்லாமல் வழக்கறிஞரை நீக்கமாட்டேன் என்று செனட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். கோடு எங்கே என்று ஊருக்கே தெரியும். நான் என் கோட்டை மனசுக்குள் போட்டு வைத்திருந்தேன். அது வருடா வருடம் நகர்ந்தது, பார்க்க ஆளில்லை.

கறார்:
சரி, கடைசியில் எந்தக் கோப்பில் விலகினீர்கள்?

ஓரத்து நாற்காலி:
விலகவில்லை. தேர்தலில் அவர் தோற்றார்.