ஆசாரி தாத்தா சும்மா நின்ற நேரம்

எனக்குக் கத்திப் பித்து பிடித்தது பனையடியில்தான். உடன்குடிப் பக்கம் எங்கள் ஊர். பதநீர்க் காலத்தில் பனையேறி ஒருவர் காலையும் மாலையும் எங்கள் விளையில் ஏறி இறங்குவார். இடுப்பில் தொங்கும் அருவாப்பெட்டிக்குள் பாளை அரிவாள் இருக்கும். அவர் பாளை நுனியைச் சீவினால் விழுகிற சீவல் வெங்காயத் தோல் மாதிரி இருக்கும். அதைப் பொறுக்கி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். மற்ற பையன்கள் பதநீருக்காக நின்றார்கள், நான் அரிவாளுக்காக. தொடத்தான் விடமாட்டார். "விரல் போய்விடும் தம்பி, குடித்துவிட்டு ஓடு" என்பார்.

அந்த அரிவாளை யார் அடிக்கிறார்கள் என்று விசாரித்துப் போய், ஆசாரி தாத்தாவின் பட்டறை வாசலில் உட்கார ஆரம்பித்தேன். ஐந்தாம் வகுப்புக் கோடை விடுமுறை முழுக்க அவருக்குத் துருத்தி போட்டது நான்தான். சம்மட்டி விழுவதும், பொறி பறப்பதும், சிவந்த பட்டை அடைகல்லின் மேல் வெண்ணெய் போல நீள்வதும் இன்றும் கண்ணில் நிற்கின்றன. கத்தி செய்வது என்றால் அடிப்பதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

இருபது வருடம் கழித்து, கோவையில் வாடகை வீட்டு மொட்டை மாடியில் அந்த முடிவுக்கு விலை கொடுத்தேன். பழைய இரும்புக் கடையில் லாரி ஸ்பிரிங் பட்டை வாங்கினேன். செங்கல் அடுப்பு, அடுப்புக்கரி, தலைமுடி உலர்த்தும் கருவி ஆகியவைதான் என் உலை. மூன்று ஞாயிற்றுக்கிழமை அரம் போட்டு வடிவம் கொண்டுவந்தேன். ஏறத்தாழ 770 டிகிரியில் இரும்பைக் காந்தம் பிடிக்காது. அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் சூடேற்றி, வாளித் தண்ணீருக்குள் முழுதாக இறக்கினேன். "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கத்தியின் கூர்வாயிலிருந்து முதுகு வரை மயிரிழைக் கீறல். அடுத்த கத்தியும் அப்படியே போனது. மூன்றாவதை எண்ணெயில் இறக்கினேன். கீறவில்லை, அரம் கூட வழுக்கியது. பெருமையோடு மனைவியிடம் காட்டப் போகையில் கைதவறித் தரையில் விழுந்து, நுனி கண்ணாடி போல உடைந்தது. (மனைவி அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சொன்னாள்.)

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது உடைந்த மூன்றையும் தாத்தா முன்னால் வைத்தேன். புரட்டிப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. தன் வேலையாக ஓர் அரிவாளை உலையில் வைத்தார். சிவந்ததும் வாயை மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குத் தண்ணீரில் தோய்த்து எடுத்தார். முதுகில் சூடு அப்படியே இருந்தது. உடைந்த செங்கல்லால் வாயைத் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டு, சும்மா நின்றார்.

அந்த வெள்ளையின் மேல் நிறம் ஊர்ந்து வந்தது. முதுகுப் பக்கத்திலிருந்து முதலில் இளமஞ்சள், அதன் பின்னால் வைக்கோல் நிறம், அதற்கும் பின்னால் தவிட்டு நிறம். வைக்கோல் நிறம் வாயைத் தொட்டதும் முழு அரிவாளையும் தண்ணீரில் அமிழ்த்தினார். நீலம் வரை விட்டிருந்தால் கூர் நிற்காது. நிறமே வராமல் நிறுத்தியிருந்தால் என் கத்தி போல உடையும். இதற்குத்தான் துவைச்சல் என்று பெயர். சிறுவனாக இருந்தபோது, அவர் அப்படி நின்றதை ஓய்வு என்று நினைத்து நான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருக்கிறேன். அதுவும் ஒரு விடுமுறை முழுக்க!

இப்போது எண்ணெயில் தோய்த்த கத்தியை மின் அடுப்பில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைக்கிறேன். அவர் நிறத்தில் பார்ப்பதை நான் வெப்பமானி முள்ளில் பார்க்கிறேன். வருகிற நிறம் என்னவோ அதே வைக்கோல் நிறம்தான்.

உருப்படியாக வந்த முதல் கத்திக்கு, வைரம் பாய்ந்த பனையில் பிடி போட்டு அவரிடம் கொண்டுபோனேன். கையில் கொடுக்காமல் திண்ணையில் வைத்தேன். எடுத்து நகத்தில் வைத்துப் பார்த்தார். "பிடி இன்னும் கொஞ்சம் பருமனாக இருக்கலாம்" என்றார். பிறகு மடியிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து அதிலேயே சீவினார். கத்தியைத் திருப்பித் தரவில்லை.