ஆலையில் கைரேகை இயந்திரமும் கமராவும் வேறுவேறு நேரம் காட்டுகின்றன

ஆலைக்கணக்கர் (கிளிநொச்சி):
இரணைமடுப் பக்கத்து நெல் ஆலையொன்றில் கணக்கு எழுதுகிறேன். கணினி, கைரேகை வரவு இயந்திரம், கமராப் பதிவுப் பெட்டி எல்லாம் ஒரே ரூட்டரில்தான் இருக்கின்றன. நேரம் மட்டும் ஒத்துவருவதில்லை. கைபேசியோடு ஒப்பிட்டால் கைரேகை இயந்திரம் 9 நிமிடம் முந்தி ஓடுகிறது. விசுவமடுவிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்கள் 8 மணிக்கு முன்பே விரல் வைத்தாலும் பிந்தியதாகப் பதிந்து கூலி வெட்டுப்படுகிறது. எனக்கு மனம் பொறுக்கவில்லை. கையால் திருத்தினாலும் மாதம் போகப் போக விலகுகிறது. மின்சாரம் நின்று வந்தால் கமராப் பெட்டி 2000ஆம் ஆண்டுக்கே போய்விடுகிறது. மழை நாளில் இணையமும் இல்லை. என்ன வழி?

வவுனியாத் தம்பி:
அக்கா, கமராப் பெட்டிக்குள், மின்சாரம் நின்றாலும் நேரத்தைக் காக்கும் காசு வடிவப் பற்றரி தீர்ந்திருக்கும். முதலில் அதை மாற்றுங்கள். முந்தி ஓடுவது வேறு கதை: கடிகாரத்துக்குத் துடிப்புத் தரும் படிகம் பத்து இலட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளுக்கு 1.7 வினாடி விலகும். தகரக் கூரை வெக்கையில் பிசகு இன்னும் கூடலாம்.

புதுக்குடியிருப்பு ஆசிரியர்:
பிள்ளை, வலையமைப்பு வழியாகக் கருவிகளின் நேரத்தை ஒத்துவைக்க என்.டி.பி. என்ற முறை இருக்கிறது. டெலவெயார் பல்கலைக்கழகத்தின் டேவிட் மில்ஸ் உருவாக்கியது. 1985 இல் வெளியானது. கருவி கேள்வி அனுப்பிய நேரம், சேவையகம் (சரியான நேரம் சொல்லும் கணினி) அதைப் பெற்ற நேரம், பதில் அனுப்பிய நேரம், பதில் கருவிக்கு வந்த நேரம் ஆகிய நான்கையும் வைத்து வழித் தாமதத்தைக் கழிக்கிறது. ஆகவே இணைப்பு மெதுவாக இருப்பது மட்டும் பெரிய குறையல்ல. போகும் வழியும் வரும் வழியும் சமமாக இல்லாதபோதுதான் பிழை வரும்.

ஆலைக் கணினியில் லினக்ஸ் இயங்குதளம் இருந்தால் குரோனி என்ற என்.டி.பி. மென்பொருளை நிறுவி, அதையே உள்ளூர் நேரச் சேவையகமாக்குங்கள். மற்றக் கருவிகளின் அமைப்பில் அதன் முகவரியைக் கொடுங்கள், என்.டி.பி. செய்திகள் வந்துபோகும் 123ஆம் யூ.டி.பி. வாயில் அந்தக் கணினியில் திறந்திருக்க வேண்டும். இணையம் அறுந்தாலும் எல்லாம் அந்தக் கணினியின் நேரத்தையே பின்பற்றும். இணையமே கிடைக்காத இடமென்றால் ஜி.பி.எஸ். சமிக்ஞையிலிருந்து நேரம் பெறும் கருவி ஒன்று போதும்.

என்.டி.பி. உலகப் பொது நேரத்தை மட்டுமே தரும்; 5.30 மணி வித்தியாசத்தை ஒவ்வொரு கருவியிலும் நாமே வைக்க வேண்டும். சரியாக அரை மணி பிசகினால் அது நேர வலயக் கோளாறு. 1996 இல் கொழும்பு நேரத்தை மாற்றியபோது புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியில் பழைய நேரமே நீடித்தது. 2006 இல்தான் நாடு 5.30க்குத் திரும்பியது. பழைய கருவிகளில் அந்த இடைக்காலத்து 6.00 கிடந்தாலும் கிடக்கும், பாருங்கள்.

வவுனியாத் தம்பி:
அக்கா, திருத்துமுன் கைரேகை இயந்திரத்தின் நேரமும் கைபேசி நேரமும் ஒரே படத்தில் விழும்படி எடுத்து வையுங்கள். திருத்திய பிறகு, பழைய பதிவு பிழை என்று காட்டச் சான்று இராது.

ஆலைக்கணக்கர்:
படம் எடுத்துவிட்டேன். வெட்டிய கூலியை முதலாளியிடம் திருப்பிக் கேட்கப் போகிறேன். பிறகு குரோனி.