ஒரே போனுக்கு இரண்டு ஆண்ட்ராய்டு ஐடி வருகிறது, எதை நம்புவது?

கேள்வி:
என் ஆப்பில் ஒரு உரிமத்துக்கு இரண்டு கருவிகள்தான் கணக்கு. ஆண்ட்ராய்டு ஐடியை (போனை அடையாளம் காண ஆண்ட்ராய்டு ஆப்புக்குத் தரும் எண்) சர்வரில் பதிந்து எண்ணிக்கொண்டிருந்தேன். நேற்று என் சோதனை போனிலேயே கூத்து. ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவிலிருந்து கேபிள் வழியாகப் போட்டபோது ஒரு ஐடி. அதை நீக்கிவிட்டு பிளே ஸ்டோரிலிருந்து இறக்கினால் வேறு ஐடி. ரீசெட் எதுவும் செய்யவில்லை. அப்புறம் டேப்லெட்டில் திறந்தால், வரம்பு முடிந்தது என்று என்னையே வெளியே தள்ளுகிறது! பேசாமல் போனின் தனி எண்ணான ஐஎம்இஐக்கு மாறிவிடட்டுமா?

பதில் 1:
அந்தக் கதவை மூடி வெகுநாளாகிறது. ஆண்ட்ராய்டு 10 முதல் சாதாரண ஆப்புக்கு ஐஎம்இஐ கிடையாது. வைஃபை மேக் முகவரியும் (வைஃபை சிப்பின் தனி எண்) ஆண்ட்ராய்டு 6.0-இலேயே போயிற்று, சாதாரண ஆப் வைஃபை ஏபிஐயில் கேட்டால் 02:00:00:00:00:00தான்.

பதில் 2:
போன் மேல் தப்பில்லை. ஆண்ட்ராய்டு 8.0 முதல் அந்த ஐடி போன், அதிலுள்ள பயனர், ஆப்பின் சைனிங் கீ (ஆப்பில் கையொப்பமிடும் ரகசியச் சாவி) மூன்றையும் பொறுத்தது. கேபிளில் போட்டது சோதனைக்கான டீபக் (debug) கீ, ஸ்டோரில் இருப்பது வேறு கீ.

நானும் இதில் மாட்டி, முதல்முறை திறக்கும்போது ஒரு யுயுஐடி (தற்செயலாக உருவாக்கும் தனித்த எண்) உருவாக்கி, ஆப் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ஷேர்டு பிரிஃபரன்ஸில் வைத்தேன். ஒரு வாடிக்கையாளர் புதுப் போன் வாங்கினார், பழையதையும் விடவில்லை. ஆண்ட்ராய்டின் ஆட்டோ பேக்கப் என் யுயுஐடியைச் சமத்தாகப் புதுப் போனில் கொண்டுபோய் வைத்துவிட்டது. உங்களுக்கு நேர் எதிர்: இரண்டு போன், ஒரே ஐடி. சர்வர் பதிவேட்டில் ஐடி அப்படியே இருக்க, மாடல் பெயர் மட்டும் வரிக்கு வரி மாறியதைப் பார்த்துத்தான் பிடித்தேன். இப்போது பேக்கப்பில் சேராத கோப்புறையில் வைக்கிறேன்.

கேட்டவர்:
சரி, ஆப்பை நீக்கித் திரும்பப் போட்டால் யுயுஐடி போய்விடுமே?

பதில் 2:
போகும். அதனால் போனை எண்ணுவதையே விட்டுவிட்டேன், லாகினைத்தான் எண்ணுகிறேன். மூன்றாவது கருவியில் நுழைந்தால் முந்தைய இரண்டையும் மாடல் பெயர், கடைசியாகத் திறந்த தேதியோடு காட்டி, எதை வெளியேற்றலாம் என்று கேட்கிறது. ஆப்பைத் திரும்பப் போட்டவர் தன் பழைய வரியைத் தானே தட்டி எடுத்துவிடுகிறார். எனக்கு மெயில் வருவதில்லை.

பதில் 3:
ஐபோனுக்கும் செய்வதானால் கவனம். அங்கே ஒரு நிறுவனத்தின் ஆப்புகளுக்கெல்லாம் பொதுவாகத் தரும் வெண்டார் ஐடி, அந்தப் போனிலுள்ள உங்கள் ஆப்புகள் எல்லாவற்றையும் நீக்கித் திரும்பப் போட்டால் மாறிவிடும். ஐபோனின் ரகசியப் பெட்டகமான கீசெயினில் வைத்தது ஆப்பை நீக்கினாலும் தங்குகிறது, ஆனால் 'இந்தக் கருவிக்கு மட்டும்' என்ற வகையில் வையுங்கள். இல்லாவிட்டால் மேலே சொன்ன பேக்கப் கதை அங்கேயும் நடக்கும்.