மாமியார் இறந்துவிட்டார், கணவருக்குச் சம்பளம் கூடியது: கிருஹலட்சுமி, இஎஸ்ஐ என்ன ஆகும்?

ஸ்ரீராமபுரம் மருமகள்:
ரேஷன் கார்டில் மாமியார்தான் குடும்பத் தலைவி, கர்நாடக அரசு குடும்பத் தலைவிகளுக்குத் தரும் கிருஹலட்சுமிப் பணம் மாதம் 2,000 ரூபாய் அவர் கணக்குக்குத்தான் வந்துகொண்டிருந்தது. போன மாதம் காலமாகிவிட்டார். ஜூலையிலிருந்து கணவருக்குச் சம்பளம் 23,000 ரூபாய். பையனுக்கு ஆஸ்துமா, மருந்தெல்லாம் கணவரின் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) மூலம்தான் வாங்குகிறோம், அதுவும் நின்றுவிடுமா என்று பயமாக இருக்கிறது.

அல்சூர்காரன்:
பணம் தானாக உங்கள் பெயருக்கு மாறாது அக்கா. இறப்புச் சான்றிதழை வைத்து கார்டில் அவர் பெயரை நீக்கி, உங்களைத் தலைவியாக மாற்றுங்கள், அப்புறம் பெங்களூர் ஒன் என்ற அரசுச் சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பியுங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். இடையில் மாமியார் கணக்கில் தவணை விழுந்தால் தயவுசெய்து தொடாதீர்கள்.

பீன்யா தொழிலாளி:
இஎஸ்ஐக்கு மாதச் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய்தான், ஆனால் நடுவில் தாண்டினால் உடனே வெட்டிவிட மாட்டார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம் (சந்தா பிடிக்கும் காலம்), அதனால் செப்டம்பர் 30 வரை முழுச் சம்பளத்துக்கும் பிடித்தம் செய்ய வேண்டும், அதற்கான பலன் காலம் (சலுகைகள் கிடைக்கும் காலம்) அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. கம்பெனி ஜூலையிலேயே பிடிப்பதை நிறுத்தினால் கேள்வி கேளுங்கள், அது உங்கள் உரிமை. அந்த அவகாசத்துக்குள் பையனுக்கு ஒரு மருத்துவக் காப்பீடு பார்த்துவிடுங்கள்.

ஸ்ரீராமபுரம் மருமகள்:
நன்றி அண்ணா. சம்பளம் கூடியதால் கிருஹலட்சுமி கிடைக்காதோ?

அல்சூர்காரன்:
கிடைக்கும். நீங்களோ கணவரோ வருமான வரி கட்டினால், அல்லது ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்தால்தான் தகுதி போகும். 23,000க்கு வரி வராது.