இயேசுவின் இரண்டாம் வருகைக்குப் பயந்து வளர்ந்தவர்கள் இங்கே யார் யார்?

பெந்தெகொஸ்தே வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொன்னவுடனே புரியும். பள்ளிக்கூடம் விட்டு வருகிறோம். கதவு திறந்து கிடக்கிறது, அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, அம்மாவைக் காணோம். மற்ற பிள்ளைகளாக இருந்தால் கடைக்குப் போயிருப்பாள் என்று நினைப்பார்கள். எனக்கோ, "இரகசிய வருகை நடந்துவிட்டது, இயேசு விசுவாசிகளை மேகத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டார், நான் கைவிடப்பட்டேன்" என்றுதான் தோன்றும். முந்தின நாள் சொன்ன பொய்க்கு மன்னிப்புக் கேட்காமல் தூங்கிவிட்டோமே என்று வயிறு கலங்கும்.

நேரே பாஸ்டர் வீட்டுக்கு ஓடுவேன். வாசலில் மொபெட் நின்றால் மட்டும் போதாது. மேகத்தில் போகிறவருக்கு மொபெட் எதற்கு? ஆள் குரல் கேட்க வேண்டும். பாஸ்டரம்மா கிணற்றடியிலிருந்து, "என்ன மக்களே, இப்படி மூச்சு வாங்குது?" என்று கேட்டால்தான் உயிர் வரும். அம்மா பக்கத்து வீட்டில் புளி வாங்கப் போயிருப்பாள்.

இப்படி ஓடியவர்கள் வேறு யாராவது உண்டா?

*

அக்கா, நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). எங்கள் வீட்டில் இந்தப் பயமே கிடையாது. "உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார்" என்று விசுவாசப் பிரமாணம் சொல்வோம், அதோடு சரி. ஹாஸ்டலில் அறைத் தோழன்தான் முதல் இரவே முழுக் கதையையும் சொன்னான்: முதலில் சபை மட்டும் ரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும், அப்புறம் ஏழு வருட உபத்திரவம், கிறிஸ்துவுக்கு எதிரியான அந்திக்கிறிஸ்து, அவன் போடும் 666 முத்திரை, கடைசியில் பகிரங்க வருகை. அன்று நான் தூங்கவில்லை!

விடுமுறையில் எங்கள் ஆயரிடம் கேட்டேன். இந்த இரண்டு கட்ட வருகைப் போதனையைப் பரப்பியது 1830களில் பிரதரன் சபையைச் சேர்ந்த ஜான் நெல்சன் டார்பி என்றார். 1909இல் வந்த ஸ்கோஃபீல்ட் வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் அதை உலகமெங்கும் கொண்டுபோயினவாம். பிந்தி வந்தது என்பதற்காகவே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆதித் திருச்சபை முதல் எல்லாரும் இப்படித்தான் நம்பினார்கள் என்று மேடையில் அடித்துச் சொல்லும்போது நெருடுகிறது.

*

எங்கள் மாமி கதையைக் கேளுங்கள். 2025 செப்டம்பர் 23இல் வருகை என்று தென்னாப்பிரிக்கர் ஒருவர் சொன்ன வீடியோ குடும்ப வாட்ஸ்அப்பில் வந்தது. யூதர்களின் எக்காளப் பண்டிகையை வைத்துப் போட்ட கணக்காம். மாமி பீரோ சாவியைக் கிறிஸ்தவரல்லாத மருமகளிடம் கொடுத்து, "நான் போயிட்டா நகையை வித்துடாதே" என்றார். 24ஆம் தேதி காலையில் சாவியைத் திரும்பக் கேட்டார். மருமகள் சிரிக்காமல் கொடுத்தாள் பாருங்கள், அதுதான் சாட்சி!

தேதி குறிப்பது நம் பக்கத்திலும் புதிதல்ல. திருவிதாங்கூரில், தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து போதகரான ஜஸ்டஸ் ஜோசப் யூயோமயம் என்ற சபையைத் தொடங்கினார். 1881இல் கிறிஸ்து வருவார் என்று அந்தச் சபையார் காத்திருந்தார்கள். அந்த வருடமும் போனது. "அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்" என்று மத்தேயு 24இல் இருப்பதை இவர்களெல்லாம் எப்படித்தான் தாண்டிப் போகிறார்களோ!

*

மேலே முதலில் எழுதியவள்தான். அப்பாவை அடக்கம் செய்தபோது பாஸ்டர் வேதாகமத்தில் 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரத்தை வாசித்தார். கன்வென்ஷன் கூட்டப் பந்தலில் பிரசங்கியார் தொண்டை கிழியச் சொல்லக் கேட்ட, எக்காளம் முழங்கக் கர்த்தர் இறங்கி வருவார் என்ற அதே வசனம்தான். ஆனால் கல்லறையில் அவர் நிறுத்தாமல் அடுத்த வரிக்கும் போனார்: "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்." செத்துப்போனவர்களை நினைத்து அழுதவர்களுக்குப் பவுல் எழுதியது அது. பந்தலில் அந்த வரி என் காதில் விழுந்ததே இல்லை.

இப்போது ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன், அந்த வரியையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு பையன், "டீச்சர், நான் ஸ்கூல்ல இருக்கும்போது வருகை வந்தா, அம்மா என்னைக் கூட்டிட்டுப் போக வருவாங்களா?" என்று கேட்டான். சின்னப் பிள்ளைகள் விடப்பட மாட்டார்கள் என்றேன். எத்தனை வயசு வரைக்கும் சின்னப் பிள்ளை என்றான். உங்கள் சபையில் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?