பிராமுக்குக் கோட்டு எடுத்த கதை: இன்னும் மறக்க முடியாதவர்கள் எழுதுங்கள்

மூத்தவன் அப்பா:

போன வருடம் மூத்தவனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு பிராம், அதாவது பள்ளி முடிக்கிறவர்கள் ஜோடியாகப் போகிற ஆடல் விருந்து. டக்ஸீடோ என்கிற விருந்து சூட்டை வாடகைக்கு எடுத்தோம். மார்ச் கடைசியில் அளவு கொடுத்தோம், பிராம் ஜூன் முதல் வாரம். வியாழக்கிழமை சாயங்காலம் கோட்டுப் பையை வாங்கப் போனபோது, "அவனைக் கூட்டிவந்து ஒருமுறை போட்டுப் பார்க்கிறீர்களா?" என்று கடையில் கேட்டார்கள். வேலை முடிந்து நேராகப் போயிருந்தேன், களைப்பு. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து அலமாரியில் மாட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நாலரை மணி. ஐந்தரைக்கு எல்லோரும் படம் எடுக்கக் கூடுகிறார்கள். பையன் அறையை விட்டு வரவே இல்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனால் கண்ணாடி முன்னால் நிற்கிறான். கால்சட்டை கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. கோட்டுக் கை மணிக்கட்டு எலும்புவரைகூட வரவில்லை. சட்டை மட்டும் அந்த வாரம் புதிதாக வாங்கியது, அதன் கை நாலு விரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பத்து வாரத்தில் இவ்வளவு வளர்ந்திருக்கிறான். தினமும் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுகிற எனக்குத் தெரியவில்லை.

கடைக்குப் போன் செய்தேன். அடுத்த அளவு எல்லாமே வெளியே போயிருக்கிறது என்றார்கள். அவன் என்னைப் பார்த்து, "பரவாயில்லப்பா, கையைப் பாக்கெட்டுல விட்டுக்கிறேன்" என்றான்.

அன்றைக்கு எடுத்த எல்லாப் படத்திலும் இரண்டு கையும் பாக்கெட்டுக்குள்தான். வீட்டில் மாட்டியிருக்கும் பெரிய படத்திலும் அப்படித்தான். வருகிறவர்கள் ஸ்டைலாக நிற்கிறான் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு மட்டும் காரணம் தெரியும். அடுத்த வருடம் சின்னவனுக்கு பிராம். உங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள்.


கரிநிறக் கோட்டு:

நான் பையன் தரப்பு. வாடகை இல்லை, சொந்தமாக வாங்கிய சூட். எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் யாரும் கோட்டுப் போட்டதில்லை.

கோட்டின் பின்பக்கம் கீழே வெட்டு விட்டிருப்பார்கள் இல்லையா, அது கடைக்கு வரும்வரை கலையாமல் இருக்கப் பெருக்கல் குறி போல ஒரு நூல் போட்டு அனுப்புகிறார்கள். வாங்கியதும் அதை வெட்டி எடுத்துவிட வேண்டும். இடது கையில் தைத்திருக்கும் துணிக் கம்பெனிப் பட்டையையும் எடுக்க வேண்டும். இது எதுவும் எனக்குத் தெரியாது. பட்டை இருந்தால்தான் நல்ல துணி என்று தெரியும் என்று நினைத்து அதை அழுக்குப்படாமல் பார்த்துக்கொண்டேன்.

மண்டப வாசலில் எங்கள் வேதியியல் டீச்சர் டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார். என் டிக்கெட்டை வாங்கியவர் கையைப் பார்த்தார், அப்புறம் முகத்தைப் பார்த்தார். "ஒரு நிமிஷம் இந்த மேசையை நகர்த்தணும், வா" என்று கதவுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். நகர்த்த மேசை எதுவும் இல்லை. கைப்பையிலிருந்து நகம் வெட்டுகிற சின்னக் கத்தரியை எடுத்தார். "கையை நீட்டு." பட்டை வந்துவிட்டது. "திரும்பு." முதுகுக்குக் கீழே இரண்டு தடவை கத்தரிச் சத்தம் கேட்டது. வெட்டிய நூலைக் கீழே போடவில்லை, தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "சரி, உள்ளே போ. நன்றாக இருக்கிறாய்."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற யாருக்கும் எதுவும் தெரியாது. அவருக்கு நான் நன்றி சொல்லவே இல்லை. அந்த மாதமே பள்ளி முடிந்துவிட்டது. வருடங்கள் ஆகிவிட்டன, ஒவ்வொரு முறை கோட்டை எடுக்கும்போதும் அந்தக் கத்தரிச் சத்தம்தான் நினைவுக்கு வருகிறது.


ஊசிநூல்:

கோட்டு ஆல்டரேஷன்தான் என் தொழில். மூத்தவன் அப்பா, மார்ச்சில் அளவு கொடுத்தது தவறே இல்லை. கூட்டம் சேருவதற்கு முன்னால் கொடுப்பதுதான் நல்லது. ஆனால் அந்த வயதுப் பையனுக்கு இரண்டு, மூன்று வாரம் முன்னால் மறுபடி ஒருமுறை அளந்து சொல்லியிருக்க வேண்டும். பையைக் கடையிலேயே திறந்திருந்தால் ஒரு முழு நாள் கையில் இருந்திருக்கும். வருத்தப்படுவதற்காகச் சொல்லவில்லை, சின்னவனுக்காகச் சொல்கிறேன்.

என் கதை சின்னது. ஒரு அம்மா பிராமுக்கு மூன்று நாள் முன்னால் பையனோடு வந்தார். கோட்டு இரண்டு அளவு பெரிது. வளர்கிற பிள்ளை, பின்னால் கல்லூரிக்கும் ஆகட்டும் என்று வாங்கியிருக்கிறார். தோள் ஓரத்தில் விரலால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. பஞ்சுக்குக் கீழே கை இல்லை, வெற்றிடம். இதைச் சரிசெய்ய முடியாது என்று சொன்னேன். பையன் அம்மாவைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அம்மா கோட்டை ரொம்ப நேரம் எடுத்து மடித்தார். வேறு விதமாகச் சொல்லியிருக்கலாமோ என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் தோளை முதலில் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் பிடிக்கலாம், பிரிக்கலாம். தோளைத் தொட்டால் கையையே கழற்றி மறுபடி ஏற்ற வேண்டும், கோட்டு விலையில் பாதி கூலிக்கே போய்விடும். ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. கோட்டைப் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் சுவரோடு ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். கைக்கு முன்னால் தோள் பஞ்சு சுவரில் இடித்தால் அது பெரிய கோட்டு. அடுத்தது கழுத்து. சட்டைக் காலருக்கும் கோட்டுக் காலருக்கும் நடுவே இடைவெளி தெரியக்கூடாது. மேல் பொத்தானைப் போட்டால் வயிற்றில் பெருக்கல் குறி மாதிரிச் சுருக்கம் விழுந்தால் இறுக்கம். இரண்டு பொத்தான் கோட்டில் கீழ்ப் பொத்தானை எப்போதும் போடக்கூடாது, அது திறந்து கிடக்கிற மாதிரித்தான் வெட்டியிருப்பார்கள்.

கை நீளம் அரை அங்குலம் சட்டை தெரிகிற அளவுக்கு இருந்தால் அழகு. குறைப்பது சுலபம். நீட்டுவதென்றால் உள்ளே மடித்து விட்டிருக்கிற துணி எவ்வளவோ அவ்வளவுதான். கைப் பொத்தானுக்கு உண்மையான காஜா வெட்டியிருந்தால் இரண்டுமே கஷ்டம்.

இன்னொன்று, ஒல்லிப் பையன்களுக்கு. செட்டாக வருகிற சூட்டில் மார்பளவுக்கும் இடுப்பளவுக்கும் பெரும்பாலும் ஆறு அங்குல வித்தியாசம்தான் வைப்பார்கள். 38 கோட்டு என்றால் 32 இடுப்பு. உங்கள் பையனுக்கு 29 என்றால் மூன்று அங்குலம் பிடிக்க வேண்டும், பின்பக்கப் பாக்கெட் இரண்டும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளும். கோட்டும் கால்சட்டையும் தனித்தனி அளவில் விற்கிற இடத்தில் வாங்குங்கள். கால்சட்டை நீளத்தை அன்றைக்குப் போடப்போகிற ஷூவோடுதான் அளக்க வேண்டும். செருப்போடு வந்து அளவு கொடுப்பவர்களே அதிகம்.


ரெண்டு பசங்க அம்மா:

ஊசிநூல், மூத்தவன் அப்பா அனுபவம் கேட்டார், நீங்கள் பாடம் எடுத்துவிட்டீர்கள். பயனுள்ள பாடம்தான், நானும் குறித்துக்கொண்டேன். ஆனால் அந்த அம்மாவைப் பற்றி எழுதியது எனக்குச் சுருக்கென்றது. ஒரே இரவுக்கென்று கோட்டு வாங்க எல்லோராலும் முடியாது. இரண்டு வருடம் உழைக்கட்டும் என்று நினைப்பது அறியாமை இல்லை.

எங்கள் கதை நிறத்தில் வந்தது. என் பையனோடு போகிற பெண் தன் கவுனின் படத்தைப் போனில் அனுப்பினாள். எங்கள் கண்ணுக்குத் திராட்சை நிறம். அதற்குப் பொருத்தமாக டையும் கோட்டு மேல் பாக்கெட்டில் செருகும் துணியும் தேடி வாங்கினோம். அவள் வீட்டு வாசலில் அவள் இறங்கி வரும்போது பார்த்தால் கவுன் செங்கல் சிவப்பு. போன் படத்தில் விளக்கு வெளிச்சம் நிறத்தையே மாற்றிவிட்டிருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இரண்டும் ஒன்றையொன்று அடித்தன. என் பையனுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் திரும்ப உள்ளே ஓடினாள். கவுனின் நீளத்தைக் குறைத்தபோது வெட்டிய துணித்துண்டோடு வந்தாள். அதை மடித்து, பழைய துணியை எடுத்துவிட்டு, அவளே அவன் மேல் பாக்கெட்டில் செருகினாள். டையை மாற்ற அவள் அப்பா தன்னுடைய கறுப்பு டையைக் கொடுத்தார். இரண்டே நிமிடம். அந்த ஓரம் அடிக்காத துண்டை அவன் இன்னும் வைத்திருக்கிறான்.

படத்தை நம்பாதீர்கள், துணித்துண்டு கேட்டு வாங்குங்கள். அதே நிறத்தைத் தேடி அலைவதைவிட, அவள் மணிக்கட்டில் கட்டுகிற பூவுக்கும் இவன் கோட்டில் குத்துகிற பூவுக்கும் ஒரே பூவாகச் சொல்லிவிட்டாலே ஜோடி என்று தெரியும். பையனுக்குப் பூ இடது பக்க லேப்பலில்தான், கோட்டின் முன்பக்கம் காலரோடு சேர்ந்து மடிந்திருக்குமே, அதில்.


கடைசி மேசை:

நிறப் பொருத்தம், பூ எல்லாம் சரி. யாரும் கால்சட்டை இறுக்கத்தைப் பற்றி எழுதவில்லையே.

எனக்கு எல்லாமே ஒட்டின மாதிரி வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினேன். கடையில் நின்றபடியே பார்த்தேன், நன்றாக இருந்தது. உட்கார்ந்து பார்க்கவில்லை. மண்டபத்துக்குப் போகிற வண்டியில் ஏறும்போது பின்தையல் ஒரு சாண் பிரிந்தது. நண்பனின் அக்கா இரண்டு ஊக்கு கொடுத்தார். அதோடு உள்ளே போனேன்.

ஒன்பது மணிக்கு எல்லோரும் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு ஆடப் போனார்கள். நான் மட்டும் கோட்டோடு சுவரில் முதுகு சாய்த்து நின்றேன். முழுக்க பாலியெஸ்டர் துணி, வியர்வை போக வழியே இல்லை. ஒரு பெண் வந்து ஆட வருகிறாயா என்று கேட்டாள். நான் அவளோடு பேச வேண்டும் என்று அந்த வருடம் முழுக்க நினைத்த பெண். கால் வலிக்கிறது என்றேன். சரி என்று போய்விட்டாள். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்.

வாங்கும்போது குந்தி உட்காருங்கள், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள், ஒரு சுற்று ஆடியே பாருங்கள். வெட்கப்படாதீர்கள். மெல்லிய கம்பளித் துணி கிடைத்தால் அதை எடுங்கள், ஆடுகிற இடத்தில் அதுதான் மூச்சு விடும்.

டக்ஸீடோதான் வேண்டும் என்று பிள்ளைகளை நெருக்கவும் வேண்டாம். அழைப்பில் பிளாக் டை என்று போட்டிருந்தால் ஒழிய நல்ல சூட் போதும். என் நண்பன் பிளாக் டை என்பதைக் கறுப்பு நிற நீள டை என்று புரிந்துகொண்டான். பட்டாம்பூச்சி மாதிரி முடிச்சுப் போடுகிற போ டையும் பட்டு லேப்பலும் கொண்ட டக்ஸீடோவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நிறம் கறுப்புதான் என்பதும் இல்லை. மிக அடர்ந்த நீலம் மின்விளக்கில் கறுப்பைவிடக் கறுப்பாகத் தெரியும். பின்னாளில் விண்ட்சர் பிரபு ஆன இங்கிலாந்து இளவரசர் 1920களிலேயே அதைப் போட்டுப் பிரபலமாக்கினார்.


ஊசிநூல்:

ரெண்டு பசங்க அம்மா, நீங்கள் சொன்னது நியாயம். அந்த அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும்: தோள் சரியாக இருக்கிற கோட்டை எடுத்து, கையிலும் கால்சட்டையிலும் உள்ளே நிறையத் துணி விட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்கினால், வளர வளரப் பிரித்து நீட்டி இரண்டு வருடம் ஓட்டலாம். அன்றைக்கு எனக்கு அது வாயில் வரவில்லை.


மூத்தவன் அப்பா:

எல்லாவற்றையும் படித்தேன். நேற்று மூத்தவனிடம் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டேன். "எந்தக் கை?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனே, "தம்பிக்கு நான் கூட வரேன்பா, நீங்க அவசரப்படுத்துவீங்க" என்றான்.

ஊசிநூல், ஒரு சந்தேகம். சின்னவனுக்கு வலது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், பை சுமந்து சுமந்து. கோட்டில் அது தெரியுமா?


ஊசிநூல்:

தெரியும், சரிசெய்யலாம். தாழ்ந்த பக்கம் உள்ளே இன்னொரு மெல்லிய பஞ்சு வைத்தால் போதும், அது பெரிய வேலை இல்லை. அளவு எடுக்கும்போது நிமிர்ந்து நில் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் எப்போதும் நிற்கிற மாதிரியே நிற்கட்டும்.