புதுப்பிப்பு: கிகாபிட் போர்ட்டில் 100 மட்டுமே காட்டிய சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. லினக்ஸ் கணினி, சுவிட்ச் இரண்டும் கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ்). ஆனாலும் இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்றே காட்டுகிறது, கோப்பு நகலெடுத்தால் நொடிக்கு 11 எம்பியை (மெகாபைட்) தாண்டவில்லை, ஏன் என்று கேட்டிருந்தேன்.

டிரைவரை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. "கேபிளைச் சந்தேகப்படுங்கள்" என்ற யோசனைதான் சரி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். என் கேபிளின் ஒரு முனையில் பழுப்பு ஜோடி பின்னைத் தொடவே இல்லை. முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தியது (கிரிம்ப்) நான்தான், வேறு யாரைக் குறை சொல்ல! முனையை வெட்டிப் புதிதாகப் போட்டதும் ஈத்டூல் (லினக்ஸில் நெட்வொர்க் போர்ட்டின் நிலையைக் காட்டும் கட்டளை) 1000 காட்டியது. நகல் வேகம் இப்போது நொடிக்கு 110 எம்பி.

எதிர்பாராதது ஒன்று. கெர்னல் லாக்கில் (லினக்ஸின் மையப் பகுதி எழுதும் பதிவேடு), வேகம் 1 ஜிபிபிஎஸ்ஸிலிருந்து (1000 எம்பிபிஎஸ்) 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டது, கேபிளைப் பாருங்கள் என்று முதல் நாளே எழுதியிருந்தது. டெஸ்க்டாப் அமைப்புப் பக்கமோ 'இணைந்தது, 100' என்பதோடு நிறுத்திக்கொண்டது. ஈத்டூலிலும் போர்ட் என்ற வரியில் 'ட்விஸ்டட் பேர்' என்று மட்டும்தான் வரும். அது செப்புக் கம்பி என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தின் இஃப்கான்ஃபிக் கட்டளை இதில் தேவலை: ஆட்டோசெலக்ட் (வேகம் தானாகத் தேர்வு), அடைப்புக்குள் 1000பேஸ்டி (செப்புக் கம்பியில் கிகாபிட்), ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இருதிசையிலும்) என எல்லாம் ஒரே வரியில். அதன் பக்கத்திலேயே 'எதிர்முனை எவ்வளவு தரும்' என்பதும் இருந்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

அப்புறம், கேபிளைப் பிடுங்கிவிட்டு வேகத்தைப் பார்த்தால் சிஸ்எஃப்எஸ்ஸில் (லினக்ஸ் சாதன விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) -1 வரலாம். பயப்பட வேண்டாம், லிங்க் (இணைப்பு) இல்லை என்றுதான் அர்த்தம்.